தலைப்புக்குப் போய் நின்ற கம்ப்யூட்டர்

அச்சடிக்கும் இயந்திரம் இரண்டே வரி அடித்துவிட்டு நின்றுவிட்டது.

நான் அதன் பக்கத்தில் கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அந்த அறையின் குளிர் அப்படி. வெளியே அடையாறு முழுக்க வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே எனக்குக் கை ரோமமெல்லாம் சிலிர்த்திருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும் என்பதால் தரையின் சில்லிப்பு வேறு உள்ளங்கால் வழியாக ஏறியது.

அடுத்த வரி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இயந்திரம் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு சும்மா இருந்தது.

எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த கோபாலன் சார் அந்தத் தாளைக் கிழித்து எடுத்தார். முதல் வரியில் 'பூந்தோட்டம் உயர்நிலைப் பள்ளி' என்று ஆங்கில எழுத்தில் அடித்திருந்தது. இரண்டாவது வரியில் 'பட்டியல் முடிந்தது'. நடுவில் ஒரு பிள்ளையின் பெயர்கூட இல்லை.

"நல்ல ஸ்கூல், ஆரோக்கியம்" என்றார் கோபாலன் சார். "போர்டு மாட்டியிருக்கீங்க, மணியும் அடிச்சிட்டீங்க. பசங்கதான் ஒருத்தரும் சேரலை போலிருக்கு."

என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த வைதேகி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆளுக்கு மூன்று முறைதான் கம்ப்யூட்டர் கிடைக்கும் என்பது அங்கே விதி. எனக்கு இது இரண்டாவது முறை. மூன்றாவது முறையும் இப்படியே ஆனால், திங்கட்கிழமை காலையில் நான் பழையபடி காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வடபழனி டிப்போவில் நிற்கவேண்டியதுதான்.

சக்கரம் ஏன் நிற்கிறது

இந்த வாரம்தான் இந்தத் தொடரைக் கையில் எடுக்கும் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு முடிந்தது. சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் நானும், என் மனைவி ஸ்டெல்லாவும், எங்கள் மகள் ஜெசிந்தாவும் இருந்தோம். ஜெசிந்தாவுக்கு அப்போது பால் பல் விழுந்துகொண்டிருந்த வயது.

எங்கள் பஸ் வடபழனியில் கிளம்பி, தி.நகர், நந்தனம், மயிலாப்பூர் வழியாக அடையாறுக்குப் போகும். அடையாறில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு டீ குடிக்கக் கொஞ்ச நேரம் கிடைக்கும். நிறுத்தத்துக்கு எதிரே புதிதாக ஒரு கட்டடம் வந்திருந்தது. அதன் கீழ்த்தளத்தில், தெருவைப் பார்த்த பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிச் சுவர். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் அது இருந்தது.

கம்ப்யூட்டர் என்றால் இப்போது நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. நான் பார்த்தது பீரோ பீரோவாக ஒரு அறை நிறைய இருந்தது. ஒரு பீரோவில் இரண்டு பெரிய சக்கரங்கள். ஒலிநாடாச் சுருள் மாதிரி, ஆனால் சாப்பாட்டுத் தட்டு அளவு. அவை சர்ரென்று சுற்றும். சட்டென்று நிற்கும். கொஞ்சம் பின்னால் போகும். மறுபடி சுற்றும். யாரோ ஒருவர் உள்ளே உட்கார்ந்து யோசித்து யோசித்துச் சுற்றுவது போல இருக்கும்.

நான் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே தினமும் அங்கே போய் நிற்பேன். டீ ஆறிப்போகும்.

எங்கள் டிரைவர் முனுசாமி அண்ணன் பின்னாலேயே வருவார். வாய் நிறைய வெற்றிலை.

"இன்னா நைனா, டெய்லி இங்க வந்து மூஞ்சிய ஒட்டிக்கினு நிக்கற. உள்ள இன்னா கீது?"

"சக்கரம் சுத்துதுண்ணே."

"நம்ம வண்டில கூடத்தான் சுத்துது. அத்த ஒரு நாளாவது பாத்துகினியா நீ?"

நம் வண்டிச் சக்கரம் எதற்கு நிற்கிறது என்று எனக்குத் தெரியும். நான் விசில் அடித்தால் நிற்கும். இது எதற்கு நிற்கிறது என்று தெரியவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

ஒரு நாள் அந்தக் கட்டடத்தின் கேட்டில் ஒரு தட்டி வைத்திருந்தார்கள். 'புரோகிராமர் பயிற்சிக்கு ஆட்கள் தேவை. பட்டதாரிகளுக்கு முன்னுரிமை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்களும் நுழைவுத் தேர்வு எழுதலாம்.' அந்தக் கடைசி வாக்கியத்தை நான் நாலு தடவை படித்தேன். தோளில் தோல் பையோடு, காக்கிச் சட்டையோடு, அப்படியே உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்குத்தான் கோபாலன் சாரை முதலில் பார்த்தேன். தடித்த கண்ணாடி, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை.

"டிகிரி?"

"இல்ல சார்."

"டைப்ரைட்டிங்?"

"தெரியாது சார்."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"அந்தச் சக்கரம் நின்னு நின்னு சுத்துது சார். ஏன் நிக்குதுன்னு தெரியணும்."

அவர் என் தோல் பையைப் பார்த்தார். "டிக்கெட் போட இன்னும் ஆள் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. பிறகுதான் வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பது கேட்டது. முனுசாமி அண்ணன். "பரீட்சைக்கு வாங்க. இப்போ உங்க வண்டிக்குப் போங்க" என்றார் கோபாலன் சார்.

கேசரி வாசனையில் ஒரு பரீட்சை

அந்த நுழைவுத் தேர்வு எங்கே நடந்தது தெரியுமா? மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். கம்பெனிக்கு வேறு பெரிய கூடம் கிடைக்கவில்லையாம். கீழே யாருக்கோ நிச்சயதார்த்தம். நாதஸ்வரம் ஒரு பக்கம், நெய்யில் முந்திரி வறுக்கும் வாசனை ஒரு பக்கம். மாடியில் டை கட்டிய பிள்ளைகள் எல்லாம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்விகள் எல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் பாதிக்கு மேல் படங்கள். இந்த வரிசையில் அடுத்த படம் எது, இந்த ஐந்தில் சேராதது எது என்பது போல. பள்ளிக்கூடத்தில் எனக்கு இப்படிக் கேள்வி கேட்டவர்களே இல்லை. பரீட்சை எழுதுகிறோம் என்பதையே மறந்துவிட்டேன். விடுகதைப் புத்தகம் கிடைத்த பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனேன். மணி அடித்தபோது, இன்னும் இரண்டு பக்கம் இருக்கக்கூடாதா என்று இருந்தது. எழுத்தில் வந்த கேள்விகள் சிலவற்றை அர்த்தம் புரியாமல் விட்டுவிட்டேன் என்பதையும் சொல்லவேண்டும்.

தேறிவிட்டேன். ஐந்து பேரை எடுத்தார்கள். அதில் நாலு பேர் பட்டதாரிகள். வைதேகி கணக்கில் பி.எஸ்ஸி. அவள் வீடு கபாலி கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில்.

வீட்டில் சொன்னேன். ஸ்டெல்லா பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். அவள் கையில் சுண்ணக்கட்டித் தூள் எப்போதும் இருக்கும். முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பஸ் வேலை நிரந்தரம்ங்க."

"தெரியும்."

"இது?"

"மூணு மாசம் பயிற்சி. கடைசியில நாம எழுதுற புரோகிராம் மெஷின்ல ஓடணும். ஓடினா வேலை. ஓடலன்னா இல்ல."

அவள் விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டாள். ஜெசிந்தா ஆடிக்கொண்டிருந்த பல்லை நாக்கால் தள்ளியபடி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சம்பளமில்லாத லீவு போடுங்க. என் சம்பளத்துல இழுத்துப் பிடிச்சிக்கலாம். ஆனா ராஜினாமா மட்டும் எழுதாதீங்க. மூணு மாசம் முடிஞ்சு மறுநாள், ஒண்ணு அங்க வேலையில இருக்கணும், இல்ல டிப்போவுல இருக்கணும். ரெண்டும் கெட்டானா மட்டும் நிக்கக்கூடாது. சரியா?"

"சரி."

"சரின்னா அந்தப் புத்தகத்தை எடுங்க. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷைச் சொல்லித் தரேன்."

சாயங்காலங்களில் நானும் ஜெசிந்தாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தோம். ஸ்டெல்லா மர ஸ்கேலால் என் புத்தகத்தில் ஒரு வரியைத் தொடுவாள். பிறகு ஜெசிந்தாவின் புத்தகத்தில் ஒரு வரி. நான் தப்பாகப் படித்தால் ஜெசிந்தாவுக்குத்தான் சந்தோஷம் தாங்காது.

அட்டையும் ஓட்டையும்

புரோகிராம் என்பது வேறொன்றும் இல்லை, பிள்ளைகளே. கம்ப்யூட்டருக்கு நாம் எழுதித் தரும் வேலை வரிசை. முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று. ஒவ்வொரு வரியையும் ஒரு நீள அட்டையில் ஓட்டை ஓட்டையாகக் குத்தித் தரவேண்டும். கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி கெட்டியாக இருக்கும். அந்த அட்டைக் கட்டை இயந்திரத்தின் வாயில் வைத்தால் 'படபடபட'வென்று விழுங்கிவிடும்.

எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே கணக்குத்தான் கொடுத்திருந்தார்கள். பல பள்ளிக்கூடங்கள், ஒவ்வொன்றிலும் பல பிள்ளைகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை, அதில் பெயரும் மார்க்கும். அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பட்டியல் அடிக்கவேண்டும். பள்ளிக்கூடம் மாறும்போதெல்லாம் புதிய பள்ளியின் பெயரைத் தலைப்பாக அடித்துவிட்டு, அதன் கீழே பிள்ளைகளின் பெயர்கள் வரவேண்டும். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடங்களையும் பிள்ளைகளையும் நாங்களே கற்பனை செய்துகொள்ளலாம். நான் என் பஸ்ஸில் வரும் ஆட்களையெல்லாம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். முனுசாமி அண்ணனை ஆறாம் வகுப்பில் போட்டு ஆங்கிலத்தில் பெயிலாக்கினேன். மூன்றாவது பள்ளியில் கடைசிப் பெயர் ஜெசிந்தா. கணக்கில் நூற்றுக்கு நூறு.

"அப்பா, பேப்பர்ல என் பேரு வருமா?" என்று அவள் கேட்டாள்.

"வரும்" என்றேன்.

முதல் முறை ஓட்டியபோது எல்லா வரியிலும் முற்றுப்புள்ளி வைக்க மறந்திருந்தேன். இயந்திரம் பக்கம் பக்கமாக என்னைத் திட்டித் தீர்த்தது. அதைத் திருத்தி இரண்டாவது முறை ஓட்டினேன். பூந்தோட்டம் உயர்நிலைப் பள்ளி. பட்டியல் முடிந்தது. அதுதான் நான் முதலில் சொன்னது.

வைதேகி கம்ப்யூட்டர் ஆனாள்

அந்த இரண்டு வரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மத்தியான நேரம். கேன்டீனிலிருந்து சாம்பார் வாசனை வந்தது. சாப்பிடத் தோன்றவில்லை. நான் எழுதியதை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அட்டையை எடு, பள்ளிக்கூடம் மாறியிருந்தால் தலைப்புக்குப் போ, பிள்ளையின் பெயரை அடி, மறுபடி அடுத்த அட்டையை எடு. இதில் என்ன தப்பு?

வைதேகியின் புரோகிராம் முந்தின நாளே ஓடிவிட்டது. அவளுக்கு வேலை உறுதி. தயிர்சாத டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்படி முறைச்சுப் பார்த்தா அட்டை பயந்துண்டு உண்மையைச் சொல்லிடுமா, ஆரோக்கியம் சார்?"

"நீங்க ஒரு தடவை பாருங்களேன்."

"பார்க்க மாட்டேன். கோபாலன் சார் யாருக்கும் விடை சொல்லப்படாதுன்னுட்டார். வேணும்னா ஒண்ணு பண்றேன். நான் மெஷினா இருக்கேன். நீங்க எழுதினதை வரி வரியாப் படியுங்கோ. எழுதினதை மட்டும். வேற பேச்சு கிடையாது."

வராந்தாவில் இடம் பிரித்தோம். என் தாளில் எந்த வரிசையில் எழுதியிருந்தேனோ அதே வரிசையில். பெஞ்சு இருக்கும் இடம், அட்டை படிக்கும் பகுதி. அதைத் தாண்டித் தூண் பக்கம், தலைப்பு அடிக்கும் பகுதி. தூணைத் தாண்டி மாடிப்படி, பட்டியலை முடிக்கும் பகுதி. வைதேகி பெஞ்சுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றாள்.

"அட்டையை எடு" என்று படித்தேன்.

எடுத்தாள்.

"பள்ளிக்கூடம் மாறியிருந்தால் தலைப்புக்குப் போ."

"முதல் அட்டை. புதுப் பள்ளிக்கூடம்தான்" என்று சொல்லிவிட்டுத் தூணுக்கு நடந்தாள். ரயில் நிலையத்தில் அறிவிப்பது போல மூக்கால், "பூந்தோட்டம் உயர்நிலைப் பள்ளி" என்றாள்.

நான் குனிந்து அடுத்த வரியைப் படித்தேன். "பிள்ளையின் பெயரை அடி."

நிமிர்ந்து பார்த்தால் அவள் தூணைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். மாடிப்படிக்கு வந்ததும் அதே மூக்குக் குரலில், "பட்டியல் முடிந்தது" என்றாள். கைப்பிடியில் மாட்டியிருந்த தன் குடையை எடுத்துக்கொண்டு, படியில் இறங்கி, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போயே போய்விட்டாள்.

"ஏங்க, எங்க போறீங்க?"

"புரோகிராம் முடிஞ்சுடுத்து. ஆத்துக்குப் போறேன்."

"திரும்பி வாங்க, பிள்ளைங்க பேரு எல்லாம் அடிக்கணும்."

"திரும்பி வரச் சொன்னேளா? எந்த வரியில?"

நான் தாளைப் பார்த்தேன். "தலைப்புக்குப் போனா, அடிச்சிட்டு வரத்தானே வேணும்? இதைக்கூடவா சொல்லணும்?"

அவள் குடையைச் சுழற்றிக்கொண்டு படியேறி வந்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"எங்காத்து வாசல்ல நின்னுண்டு 'போறேன்'னு சொல்லிப் பாருங்கோ. அம்மா உள்ளேர்ந்து ஓடி வந்து, 'போயிட்டு வரேன்னு சொல்லுடீ'ம்பா. உங்காத்துல எப்படி?"

"எங்க வீட்டுலயும் அதேதான்."

"அதான். நமக்கு யாரு போனாலும் வந்துடுவான்னு ஒரு நினைப்பு. மெஷினுக்கு அம்மா கிடையாது, சார். போன்னா போயிடும்."

நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள், பிள்ளைகளே. நம் வீடுகளில் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இது ஒன்றுதான். கடைக்குப் போனாலும், துபாய்க்குப் போனாலும், 'போயிட்டு வரேன்'தான். 'போறேன்' என்று வாசலில் சொல்ல நாக்கு வராது. துக்க வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருகிறோம். போதாக்குறைக்கு நான் பஸ்காரன். காலையில் அடையாறுக்குப் போன வண்டி வடபழனிக்குத் திரும்பாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அதனால் 'போ' என்று எழுதும்போது, 'வா'வை நான் எழுதாமலே எழுதியதாக நினைத்துக்கொண்டேன்.

என் கம்ப்யூட்டர் என்ன செய்தது? தலைப்புக்குப் போகச் சொன்னேன், போனது. தலைப்பை அடித்தது. அதற்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தது. பட்டியலை முடிக்கும் பகுதி. முடித்துவிட்டது. அது சொன்ன பேச்சைத்தான் கேட்டது.

"போயிட்டு வான்னு சொல்ல அந்தப் பாஷையில வார்த்தையே இல்லியா?" என்று கேட்டேன்.

"இருக்கே. ரெண்டாவது வாரமே சார் நடத்தினார்."

ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பிரித்தேன். 'கோ டூ' என்றால் போ. 'பெர்ஃபார்ம்' என்றால் போய், அந்த வேலையை முடித்துவிட்டு, விட்ட இடத்துக்கே வா. அந்தச் சொல்லின் மேல் என் பென்சில் எழுத்தே இருந்தது. அகராதியில் 'நிகழ்த்து' என்று பார்த்து எழுதி வைத்திருந்தேன். நாடகம், கச்சேரி சம்பந்தப்பட்ட சங்கதி போலிருக்கிறது, நமக்கு வேண்டாம் என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

அட்டை குத்தும் அறைக்குப் போனேன். ஒரே விரலால், ஒவ்வோர் எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புது அட்டை குத்தினேன். பழைய அட்டையை உருவிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகினேன். அட்டை இன்னும் கதகதப்பாக இருந்தது.

சாயங்காலம் ஸ்டெல்லா கேட்டாள். "என்ன ஆச்சு?"

"ஒரு அட்டையை மாத்தியிருக்கேன்."

"ஒரு அட்டைக்கா மூணு மாசம்?"

"ஆமா" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்த என் காக்கிச் சட்டையை எடுத்தாள். இஸ்திரி போடுவதா வேண்டாமா என்று கேட்பது போல என்னைப் பார்த்தாள். அதை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூன்றாவது முறை

மறுநாள் சனிக்கிழமை. பயிற்சியின் கடைசி நாள். கம்பெனியின் சொந்த வேலை தொடங்கும் முன்பு, காலையில்தான் எங்களுக்கு இயந்திரம் கிடைக்கும். ஸ்டெல்லா விடிந்ததும் கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

கோபாலன் சார் என் அட்டைக் கட்டை வாங்கித் தட்டிச் சமன் செய்து இயந்திரத்தில் வைத்தார். பொத்தானை அழுத்தினார். படபடபட. அட்டைகள் போயின. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. சின்னச் சின்ன விளக்குகள் மட்டும் மின்னின. மூலையில் அந்த இரண்டு சக்கரங்கள் சர்ரென்று சுற்றி நின்றன. ஏன் நிற்கின்றன என்று இப்போது எனக்குத் தெரியும்: வேண்டிய அளவு படித்துக்கொண்டு, அதைச் செய்து முடிக்கும் வரை காத்திருக்கின்றன. நானும் காத்திருந்தேன்.

அச்சு இயந்திரம் 'டர்ர்' என்றது. ஒரு வரி.

பூந்தோட்டம் உயர்நிலைப் பள்ளி.

நின்றது.

பிறகு தகரக் கூரையில் மழை இறங்குவது போல ஒரு சத்தம். தாள் மேலே ஏறி ஏறி வந்தது. பெயர், மார்க். பெயர், மார்க். முனுசாமி, ஆங்கிலம் பெயில். மீன்காரம்மா, பட்டாளத்துத் தாத்தா, தினமும் பாண்டி பஜாரில் ஏறும் டெய்லர், எல்லோரும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். இரண்டாவது பள்ளியின் தலைப்பு. அதன் கீழே பிள்ளைகள். மூன்றாவது தலைப்பு. ஒவ்வொரு தலைப்புக்கும் போய், போன வேலையை முடித்து, சமர்த்தாகத் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நான் தாளைத் தொடக் கூடாது என்று தெரிந்தும் கையை நீட்டிக்கொண்டே நின்றேன்.

ஜெசிந்தா. நூறு.

பட்டியல் முடிந்தது.

வைதேகி வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தாள். கோபாலன் சார் தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"தலைப்பு நடுவுல வரல. இடது பக்கம் ஒதுங்கி நிக்குது."

"திருத்திடறேன் சார்."

"திருத்துங்க." மேசையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "இது ஒரு மில்லோட வேலை. நெய்த துணி எவ்வளவு, வித்தது எவ்வளவுன்னு மாசா மாசம் பட்டியல் அடிக்கணும். திங்கட்கிழமை ஆரம்பிச்சிடுங்க."

"சார், திங்கட்கிழமை நான் டிப்போவுக்கு..."

"எந்த டிப்போ?" என்றார் கோபாலன் சார்.

ஜன்னல் ஓரம்

வெளியே வந்தபோது வெயில் முகத்தில் அறைந்தது. எனக்கு அது இதமாக இருந்தது. எதிரே எங்கள் பஸ் நின்றிருந்தது. முனுசாமி அண்ணன் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்திருந்தார். அந்த வண்டியில் ஏறினால் மயிலாப்பூர் லஸ் முனையில் இறங்கி வீட்டுக்கு நடந்துவிடலாம்.

"இன்னா நைனா, உன் பொட்டி ஓட்ச்சா?"

"ஓடிச்சுண்ணே."

"எதுவரிக்கும்?"

"கடைசி வரைக்கும்."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "என்னிய பெயிலாக்கினியே, அது?"

"அதுவும் வந்துது."

"அப்பால கைல குடு, வூட்ல காட்டணும். ஆறாங்கிளாஸ் போனதா பொண்டாட்டி நம்ப மாட்டா."

உள்ளே ஏறினேன். எனக்குப் பதிலாக மூன்று மாதமாக வேலை பார்த்த தங்கவேலு பின்னால் இருந்தான். என் வயதுதான், வியாசர்பாடிக்காரன். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனான். ஸ்டாஃபிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

நான் சில்லறையை எடுத்து நீட்டினேன். "லஸ் ஒண்ணு."

"இன்னாபா, கிண்டலா? ஸ்டாஃபுக்குப் போயி டிக்கெட்டா?"

"இனிமே ஸ்டாஃப் இல்ல, தங்கவேலு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். முன்னாலிருந்து முனுசாமி அண்ணன் திரும்பாமலே குரல் கொடுத்தார். "குடுக்கறாரு இல்ல, வாங்கிக்க. கெத்தா கிழிச்சிக் குடு."

கிழித்துக் கொடுத்தான். ஜன்னல் ஓரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் ஜன்னல் ஓரத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. பட்டியலையும் மில் காகிதங்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசி ஆள் படியில் கால் வைத்ததும் என் கை தானாகச் சட்டைப் பைக்கு விசிலைத் தேடிப் போனது.

தங்கவேலு அடித்துவிட்டான். வண்டி கிளம்பியது.